மாப்பிள்ளை வாங்கிய தங்கூசி

என் தம்பி அஸாருதீனுக்குப் பெண் கொடுக்க நாகூர் கனி மாமா போட்ட ஒரே நிபந்தனை, ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னோடு மீன்பிடிக்க வரவேண்டும் என்பது. உலகத்தில் வேறு எந்த வாப்பாவாவது இப்படிக் கேட்பாரா? வேலை, சம்பளம், வீடு எல்லாம் விசாரித்து முடித்தாயிற்று. அவர் மகள் நுஸ்ரத்துக்கும் இவனுக்கும் பிடித்துப்போய் வெகுநாளாயிற்று. ஆனால் மனிதர் குளத்தங்கரையில் ஆளைப் பார்த்தால்தான் சரி சொல்வாராம். குர்லாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். வாரம் பூராவும் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிறானால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கர்ஜத் ரயிலேறிவிடுவார். அந்தப் பக்கம் காசு கட்டி மீன்பிடிக்கிற பண்ணைக் குளம் ஒன்று இருக்கிறது. முன்பு வந்த ஒரு மாப்பிள்ளையை அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார் என்று கேள்வி.

கம்பு, சக்கரம், இரைக்குப் பதிலாக மாட்டுகிற பொய்மீன் எல்லாம் அவரே தருவாராம். தூண்டில் நூலை மட்டும் பையன் வாங்கி வரவேண்டும், புதுசாகப் பிடிக்கிறவனுக்கு ஏற்ற மாதிரி, கட்டுப்படியான விலையில். அதையும் சேர்த்துத்தான் பார்ப்பாராம். அஸார் தூண்டிலைத் தொட்டதே இல்லை. முகம் செத்துப்போய் என்னிடம் வந்து நின்றான்.

நான் தாராவியில் தோல் பை பட்டறை நடத்துகிறவள். நூலைப் பற்றி இந்த சைனபுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதோடு, அவனுக்குப் பெருநாள் சட்டை எடுப்பதிலிருந்து தலையணை உறை வாங்குவது வரை நான்தான் பார்த்து எடுப்பேன். அக்காவை, எங்கள் பேச்சில் லாத்தாவை, அவனும் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. கிளம்புடா என்று மஸ்ஜித் பந்தர் பக்கம் ஒரு தூண்டில் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் முதலில் கேட்டது, எந்த மாதிரிப் பொய்மீன் என்று. தண்ணீருக்கு மேலேயே மிதந்து போகிறதாம் என்றான் அஸார். அப்படியென்றால் இது போதும் என்று சாதாரண நைலான் சுருள் ஒன்றை எடுத்துப் போட்டார். நம் ஊர்க்காரர்கள் தங்கூசி என்போமே, அதேதான். இருப்பதிலேயே விலை குறைந்தது. அஸார் அதைக் கையில் எடுத்தான். எனக்கு வந்ததே கோபம். சம்பந்தம் பேசுகிற இடத்துக்கு மட்டமான நூலைக் கொண்டுபோனால் நம்மை என்னவென்று நினைப்பார்கள்? வையடா கீழே என்று, இருப்பதில் உயர்ந்ததைக் காட்டச் சொன்னேன். தண்ணீருக்குள் போனால் கண்ணுக்கே தெரியாத நூல் ஒன்றைக் காட்டினார். பைத் தையலிலும் நூல் தெரியாமல் பதிந்திருந்தால்தான் வேலை சுத்தம். இதுதான், கட்டித் தாருங்கள் என்று சொல்லிவிட்டு, காசு கொடுக்க அஸாரை விட்டுவிட்டு, டாக்ஸி பிடிக்க வாசலுக்கு வந்துவிட்டேன். கடைக்காரர் என்னவோ சொல்ல வந்தார். அவருக்கென்ன தெரியும் என் தம்பியின் அவசரம்.

அஸாரோடு உம்மா போவதாகத்தான் பேச்சு. ஞாயிறு காலையில் அவளுக்கு முட்டுவலி என்று சொல்லிவிட்டு நான் போனேன். உண்மையில் உம்மா நன்றாகத்தான் இருந்தாள்.

பொய்மீன் என் உள்ளங்கை நீளம்தான். வாய் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. மாமா தன் கம்பை வீசிக் காட்டினார். நூலைச் சுண்டச் சுண்ட, அது தண்ணீர் மேலே பொளக் பொளக்கென்று துப்பிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் கொடுவா மீன் கோபப்பட்டுப் பாயுமாம். அஸார் வீசினான். அவனுடையது துப்பவில்லை. சுண்டிய ஒவ்வொரு தடவையும் மூக்கைக் குத்திக்கொண்டு முங்கியது. மறுபடி வீசினான், மறுபடி முங்கியது. வெயில் ஏறிவிட்டது. ஒரு மீன் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமா வந்து நூலை விரலில் சுற்றிப் பார்த்தார். இது கனத்த நூல், தண்ணீரில் முங்கும், முங்கும்போது பொய்மீன் மூக்கையும் சேர்த்து இழுக்கும் என்றார். அடியில் ஓடுகிற பொய்மீனுக்குத்தான் இது சரியாம்.

"நூலு யாரு பாத்து எடுத்தது?"

"நான்தான் மாமா," என்றான் அஸார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. என் பிழைக்கு அவன் எதற்குத் தோற்க வேண்டும்?

"அவன் இல்ல. நான்தான் எடுத்தேன். அவன் வெல கொறஞ்ச சஸ்தா நூலத்தான் கையில எடுத்தான், நான்தான் வைக்கச் சொன்னேன்."

மாமா என்னைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தார். "நுஸ்ரத் ஒண்ணும் சொல்லலியா ஒங்கிட்ட?"

அஸார் கம்பைக் கீழே வைத்தான். "சொன்னா மாமா. சாதா நைலானே போதும்னு மெசேஜ் போட்டிருந்தா."

"அப்ப எம்மவ சொன்னத விட்டுட்டு, லாத்தா சொன்னதக் கேட்டிருக்கே."

யா அல்லாஹ், முடிந்தது என்று நினைத்தேன். ஆமாம் என்றால் பெண் போச்சு. இல்லையென்றால் நான் என்ன ஆவது? அஸார் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டு ஒரு சுருளை எடுத்து நீட்டினான். அதே சாதாரண தங்கூசி.

"ரெண்டும் வாங்கினேன் மாமா. லாத்தா எடுத்தத மொதல்ல போட்டேன். இல்லன்னா ரயில்லயே சண்ட வந்திருக்கும்."

நாகூர் கனி மாமா சுருளை வாங்கிப் பார்த்தார். பிறகு அப்படியே கரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"எங்க வீட்ல ஒரு பொண்டாட்டி, ஒரு லாத்தா. ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு எத்தன வருஷம் முழிச்சிருக்கேன். ரெண்டு நூலு வாங்கலாம்னு எனக்குத் தோணவே இல்லியே, மருமவனே."

மருமகனே என்றுதான் சொன்னார். நான் காதால் கேட்டேன்.

நூலை மாற்றிக் கட்டியதும் பொய்மீன் நன்றாகத் துப்பியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெடித்து ஒரு கொடுவா பாய்ந்தது. அஸார் பதறிப்போய் அவசரமாக இழுத்தான். மாமா தலையில் கை வைத்தார். ஆனால் தங்கூசி கொஞ்சம் நீண்டு கொடுத்ததால், மீன் வாயிலிருந்து பொய்மீன் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. புதுசாகப் பிடிக்கிறவன் அவசரத்தையும் இந்த நூல் தாங்கும் என்றார் மாமா. சரி, மட்டமான நூல் இல்லை. ஒத்துக்கொள்கிறேன், இந்த ஒரு தடவை.

திரும்பும்போது மாமா மீனை மடியில் வைத்துக்கொண்டு எதிர் சீட்டில் உறங்கிவிட்டார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நெஞ்சில் என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது. முலுண்ட் தாண்டும்போதுதான் அது என்னவென்று பிடிபட்டது. போன பெருநாளைக்கு நான் எடுத்துக் கொடுத்த பச்சைச் சட்டை. அன்று காலையில் தொழுகைக்கு அதைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். சாயங்காலம் நுஸ்ரத் அனுப்பிய போட்டோவில் நீலச் சட்டையில் அல்லவா இருந்தான்.

"அஸார், எத்தன வருஷமாடா ரெண்டு ரெண்டா வாங்குதே?"

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பாண்டுப் வந்துட்டு லாத்தா," என்றான். பாண்டுப் ஸ்டேஷனில் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.