திரும்பிக்கொண்ட பியூட்டீன்

சாயங்காலம் அவள் ஒரே பக்கமாக வைத்துவிட்டுப் போவாள். காலையில் வந்து பார்த்தால் எதிர்ப்பக்கமாக இருக்கும்.

அது பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் இருந்த பியூட்டீன் மூலக்கூறின் மாடல். நடுவில் இரண்டு கார்பன் உருண்டைகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்க இரண்டு சுருள்கம்பிகள், ஓரத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு கறுப்பு உருண்டைகள். அந்த ஓர உருண்டைகள் ஒரே பக்கம் இருந்தால் ஒரு மாற்றியம், எதிர்ப்பக்கம் இருந்தால் வேறொன்று. "சேர்ந்து உக்காந்த புருஷன் பொண்டாட்டி, சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி. ஆளுங்க என்னவோ அதே ஆளுங்கதான்" என்று அவள் புருஷன் பாடம் நடத்தினால் வகுப்பே சிரிக்கும்.

ஒரு நாள் காலை ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அவளோடு சண்டை போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தவர், அதே பாடத்தை முடித்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மாடல் எதிர்ப்பக்கமாக மேஜைமேல் நின்றது. இப்போது அவர் வகுப்புகளை அவள் எடுக்கிறாள்.

"காலங்காத்தால நோகடிச்சு அனுப்பிட்டீங்களே அண்ணி!" என்று சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்ன நாத்தனார்தான் ஆய்வகப் பொறுப்பாளர். அதோடு இருவருக்கும் பேச்சு அறுந்தது.

இரண்டு கம்பி போட்ட இரட்டைப் பிணைப்பு தானாகத் திரும்பாது. ஒரு கம்பியைக் கழற்றித்தான் திருப்ப வேண்டும். அது தெரிந்ததால்தான், திருப்புவது செத்துப்போன அவர்தான் என்று அவள் நம்பினாள். அவர் கோபம் இன்னும் ஆறவில்லை. 'கடவுளே, அவர் மனசைக் குளிர வை' என்று வேண்டிக்கொண்டு மறுபடி ஒரே பக்கம் வைப்பாள்.

அன்று புரோமின் நீர் தயார் செய்யச் சீக்கிரம் வந்தாள். ஆய்வகம் திறந்திருந்தது. நாத்தனார் கையில் பியூட்டீன், ஒரு கம்பி கழன்று தொங்கியது.

"நான் வச்சிட்டுப் போறதைத் தெனமும் கலைக்கிறது நீயா?"

நாத்தனார் முகம் வெளிறியது. "நீங்களா வச்சீங்க? நான் அண்ணன்னுல்ல நெனச்சேன்! 'அண்ணிகிட்ட பேசித் தொலை'ன்னு சொல்றான்னு... எனக்கு வீம்பு. 'போடா'ன்னு திருப்பி வச்சிட்டேன்."

"செத்த மனுஷன்கிட்டயுமா வம்பு?"

"நீங்க மட்டும்? பக்கத்துல உயிரோட ஒருத்தி இருக்க, உருண்டைகிட்ட பேசியிருக்கீங்க."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அதைத் தொடர்ந்து அழுகையும் வந்தது.

"அண்ணி, அன்னைக்கு அவன் நொந்து வரலை. 'சாயங்காலம் போய் உங்க அண்ணி கால்ல விழணும்டி, தப்பு என்மேல'ன்னு சிரிச்சான். அவன் போன ஆத்திரத்துல நான்தான் சொல்லாம மறைச்சிட்டேன்."

அவள் பக்கத்து முக்காலியை நாத்தனார் பக்கம் தள்ளினாள். திட்ட நினைத்த வாயால், "உக்காரு, கால் வலிக்கப்போகுது" என்றுதான் சொல்ல முடிந்தது. பெரிய மன்னிப்புகூட இப்படி ஒரு முக்காலியில்தான் ஆரம்பிக்கிறது.

தினமும் கழற்றித் தேய்ந்த கம்பியை மறுபடி மாட்ட முடியவில்லை. ஒற்றைக் கம்பியோடு பியூட்டீனை மேஜையில் வைத்தார்கள். ஜன்னல் சாத்தியிருந்தது, ஃபேன் ஓடவில்லை. ஓர உருண்டை மெல்லத் திரும்பி, மற்றதன் பக்கம் வந்து நின்றது.

"பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேன். தொடாதே, இருக்கட்டும்."