பெஞ்சில் பெண் பார்த்தது

நான் இந்தியாவுக்காகக் கூடைப்பந்து ஆடியிருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படியும் கேட்பவர்களிடம் "கடைசிக் குவார்ட்டர்" என்று சொல்லிவிடுவேன். பொய்யில்லை. அந்தக் குவார்ட்டரின் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவள்தான் நான்.

2009ஆம் வருடம் சென்னையில் ஆசிய நாடுகளுக்கான கூடைப்பந்துப் போட்டி ஒன்று நடந்தது. பெண்கள் அணிகளுக்கு மட்டும். ஒரு அணிக்குப் பன்னிரண்டு பேர். நான் பன்னிரண்டாவது. வேறொரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியதில் எனக்குக் கிடைத்த இடம் அது. ஆரம்ப ஆட்டங்களில் நான் செய்ததெல்லாம் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தது, டவல் நீட்டியது, நம்மவர்கள் பந்தைப் போட்டால் கை தட்டியது. கை தட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆசியாவிலேயே ஆள் கிடையாது.

நடுவில் ஒரு நாள் ஆட்டங்களைச் சிதம்பரத்தில் வைத்தார்கள். புதிதாகக் கட்டிய உள்ளரங்கத்தைக் காட்டிக்கொள்ள யாரோ ஆசைப்பட்டிருக்க வேண்டும். நான் கடலூர் முதுநகர். சிதம்பரம் பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம். சொந்த ஜனங்கள் பார்க்கிற இடத்திலாவது கோச் என்னை இறக்கிவிடுவார் என்று நம்பினேன். பந்து போடவேண்டாம், ஜெயிக்கவேண்டாம். இந்தியா என்று எழுதிய பனியனோடு அந்த வெள்ளைக் கோட்டை ஒரு தடவை தாண்டினால் போதும் என்றிருந்தது.

என் அம்மா தங்கம்மாளுக்கு வேறு கணக்கு. என் உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். அதனாலேயே வந்த வரன்கள் எல்லாம் வாசலோடு திரும்பின. இந்த முறை புவனகிரியிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை மின்வாரிய ஆபீசில் வேலை. பொண்ணு கொஞ்சம் வளர்த்தி என்று மட்டும் அம்மா போனில் சொல்லியிருந்தாள். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று அவர்களும் கேட்கவில்லை. பெண் பார்க்க நான் வீட்டில் இருக்கவேண்டும். கேம்ப்பில் லீவு தரமாட்டார்கள்.

என் தாய்மாமா தேவசகாயம்தான் வழி கண்டுபிடித்தார்.

"கேலரியில உக்காந்து பாத்துட்டுப் போவட்டும்க்கா. இவள எங்க எறக்கப் போறாங்க? பெஞ்சுலயேதான் இருப்பா. உக்காந்திருந்தா உயரம் எப்படித் தெரியும்?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. மாமா மேல் பாதி, அவர் சொன்னது சரியாக இருந்ததன் மேல் பாதி.

ஆட்டத்துக்கு முதல் நாள் அம்மா போன் செய்தாள். "நீ பாட்டுக்கு எழுந்துக்கிட்டு நிக்காத. தண்ணி குடுக்கறதா இருந்தாலும் உக்காந்தே குடு."

"கோச் ஆடச் சொல்லிட்டாருன்னா?"

"சொல்ல மாட்டாரு. மாதாகிட்ட வேண்டியிருக்கேன்."

நானும் அதே மாதாவிடம்தான் வேண்டியிருந்தேன். அவர் பாடு திண்டாட்டம்.

மறுநாள் சாயங்காலம் எங்களுக்கு மலேசியாவோடு ஆட்டம். பெஞ்சுக்கு நேர் பின்னால் கேலரி. நடுவில் ஒரு இரும்புக் கம்பிதான். முதல் வரிசையில் அம்மா, மாமா, மாப்பிள்ளை, அவருடைய அம்மா ராஜாமணி. அம்மா கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற நீலப் பட்டைக் கட்டியிருந்தாள். மாப்பிள்ளை வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தைக் கையில் வைத்து உரித்துத் தின்றுகொண்டு என்னைப் பார்க்காமல் ஆட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்ப்பதற்கு என்ன இருந்தது, நானும் அவரை மாதிரி ஒரு பார்வையாளர்தானே.

பாதி ஆட்டத்துக்குள்ளேயே நம் கதை கந்தலாகிவிட்டது. களைத்து வந்து விழுந்தவர்களுக்கெல்லாம் நான் உட்கார்ந்த வாக்கிலேயே பாட்டிலை நீட்டினேன். பின்னாலிருந்து ராஜாமணி அம்மாளின் குரல் கேட்டது.

"எவ்ளோ பொறுப்பு பாருங்க. கேக்கறதுக்கு முன்னாடியே தண்ணி குடுக்குது."

"வூட்லயும் அப்படித்தாங்க" என்றாள் அம்மா. வீட்டில் எனக்கு வேண்டிய தண்ணீரையே நான் எடுத்துக் குடித்ததில்லை. பஜ்ஜி சொஜ்ஜி இல்லாமல், தலை குனியாமல், நான் பாட்டுக்குப் பெண் பார்க்கப்பட்டுப் பாஸாகிக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தின் நாலாவது, கடைசிக் குவார்ட்டர் வந்தது. நாற்பது புள்ளி பின்தங்கியிருந்தோம். இனி யாரை இறக்கினாலும் நஷ்டமில்லை. கோச் டெல்லிக்காரர், ஒவ்வொருத்தியாக மாற்றி மாற்றி இறக்கினார். என்னைத் தவிர எல்லோரும் ஆடி முடித்திருந்தார்கள். ஞாபகப்படுத்தலாம் என்று மேல்சட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன். கோச் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த ஈர டவலை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அதுவரை சிரித்துச் சமாளித்துவிட்டேன். அப்போது முடியவில்லை. அழுகை வந்தது. அந்த ஈர டவலிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இன்னொருத்தியின் வேர்வை.

பின்னால் ராஜாமணி அம்மாள் கல்யாணப் பேச்சுக்கே வந்துவிட்டார்.

"கல்யாணத்துக்கு அப்பறம் இந்த வெளையாட்டெல்லாம் வுட்ருமில்ல? வுடறதுக்குத்தான் என்ன இருக்குது, இப்பவே சும்மாதான உக்காந்துக்கினு இருக்குது."

அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னார். ஆனால் அம்மாவின் குரல் ஏறிவிட்டது. என் அம்மாவின் குரல் ஏறுவது நல்லதுக்கல்ல.

"யாருங்க சும்மா உக்காந்திருக்கறது?"

"இல்ல, நான் எதுக்குச் சொல்றேன்னா..."

"வெடியறதுக்கு முன்னாடி சைக்கிள எடுத்துக்கினு மஞ்சக்குப்பம் கிரவுண்டுக்குப் போவும். மழையிலயும் போவும். கால் நகம் பேந்து ரத்தத்தோட வந்து நிக்கும். நான்தான் கட்டுப் போட்டு வுட்டேன். சும்மாவா உக்காந்திருக்கு அது?"

"அக்கா, செத்த நேரம் சும்மா இரேன்" என்று மாமா முந்தானையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கெஞ்சினார்.

அம்மா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீன் மார்க்கெட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல் அவளுக்கு.

"ஏண்டி ராணி! எழுந்திருடி! எழுந்து முழுசா நில்லுடி!"

எழுந்து நின்றேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா அந்தக் குரலில் சொன்னால் என் கால் என்னைக் கேட்காது.

சரியாக அந்த நேரம் பார்த்து ஏழாம் எண் பெண்ணுக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்தது. அவள் வெளியேற வேண்டும். மாற்று ஆளைத் தேடிக் கோச் பெஞ்சைப் பார்த்தார். களைத்துப் போனவர்கள் எல்லோரும் தங்கள் ஷூவைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்றவள் நான் ஒருத்திதான். அவர் என்னை அண்ணாந்து பார்த்தார்.

"நீயா? சரி, போ" என்றார் இந்தியில்.

கோட்டைத் தாண்டினேன். கொஞ்ச நேரத்தில் பந்து என் கைக்கு வந்தது. யாரும் வேண்டுமென்று கொடுத்திருக்க வாய்ப்பில்லை. ரிங்கைப் பார்த்து எறிந்தேன். அது ரிங்கில் படவில்லை, போர்டில் படவில்லை, வலையில்கூட உரசவில்லை. நேராகப் போய்க் கடலை எண்ணெய் விளம்பரத் தட்டியில் 'டமார்' என்று மோதியது. பிறகு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு தடவை ஓடினேன். விசில் ஊதிவிட்டார்கள். என் சர்வதேச வாழ்க்கை இனிதே நிறைவுற்றது.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் நான் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

மேல்சட்டையை எடுக்க பெஞ்சுக்கு வந்தபோது ராஜாமணி அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு ஜாஸ்தி வளத்திங்களே. நீங்க கொஞ்சம்னுதான சொன்னீங்க."

"ஆமாங்க, ஜாஸ்திதான்" என்றாள் அம்மா. "அதனாலதான் இந்தியாவுக்கு எடுத்தாங்க."

புவனகிரி பஸ் போய்விடும் என்று அவர்கள் கிளம்பினார்கள். மாப்பிள்ளை மட்டும் திரும்பி ஒரு தடவை கை தட்டிவிட்டுப் போனார். நல்ல மனுஷன். அதோடு சரி.

எங்கள் அணி பஸ் வெளியே ரோட்டோரம் நின்றிருந்தது. அம்மா வழியனுப்ப வந்தாள். மாமா தலையில் கை வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"போச்சாம்மா?" என்றேன்.

"போவட்டும்."

"பந்த எங்கயுமே படாம எறிஞ்சிட்டேம்மா."

"பாத்தேன். ஊரே பாத்துச்சு."

கடலூரில் கடைத்தெருவுக்குப் போனால் அம்மா எனக்கு நாலடி முன்னால் நடப்பாள். பக்கத்தில் நடந்தால் பார்க்கிறவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்து அளப்பார்கள் என்று பயம். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னோடு ஒட்டியே வந்தாள். ரோட்டில் கும்பலாக ஆட்கள் நின்று பார்த்தார்கள். பழக்க தோஷத்தில் நான் தோளைக் குறுக்கிக்கொண்டு குனிந்தேன்.

அம்மா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"நிமிந்து நட, எரும."