இடக்கைப் பூவேலை

அடுத்த அறையில் அக்காவின் உடலைக் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, தங்கை கவுனின் இடக்கைத் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கடைசியாகப் போட்டுவிட வேண்டும் என்று அக்கா தனக்குத்தானே தைத்துவந்த சாம்பல் நிற கவுன். வலக்கையில் பூவேலை முடிந்து, உள்துணியும் வைத்துத் தைத்தாயிற்று. இடக்கையில் வெறும் பென்சில் கோடுதான்.

அக்கா மகள் வாசற்படியில் வந்து நின்றாள். "நாலுக்கு வண்டி வந்துடும் சித்தி. முடியுமா?"

"பாக்கலாம்மா."

அப்போதே இரண்டு ஆகியிருந்தது. ஊசியால் ஒவ்வொரு முத்தாக எடுத்துத் தைத்தால் நாளைக்கும் முடியாது. முத்துகளை முதலிலேயே நூலில் கோத்துக்கொண்டு, கொக்கி ஊசியால் பின்பக்கமிருந்து சங்கிலியாக இழுத்துப் போட்டால் ஒரு மணி நேரம் போதும். ஆனால் போன மாதம்கூட அக்கா கறாராகச் சொல்லியிருந்தாள், என் உடுப்பில் உன் கொக்கி படக்கூடாது என்று.

முப்பது வருஷம் பெரிய இடத்துக் கல்யாண உடைகளுக்கு ஒரே சட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பூ போட்டவர்கள். அவள் ஊசி, இவள் கொக்கி. எந்த உடை வந்தாலும் எதில் போடுவது என்று சண்டைதான். "ஒரு முனை அவுந்தா மொத்தமும் கொட்டும்டி, அவசரக்குடுக்கை" என்பாள் அக்கா.

தங்கை ஊசியையே எடுத்தாள். பத்து முத்து ஏறுவதற்குள் கால் மணி நேரம் ஓடிவிட்டது. பின்பக்கத் தையலில் அக்கா இடைவெளி எவ்வளவு விட்டிருக்கிறாள் என்று பார்க்க, வலக்கையின் உள்துணியை இரண்டு விரற்கடை பிரித்தாள்.

உள்ளே சங்கிலி ஓடியிருந்தது. கோணல்மாணலாக, ஆனால் கொக்கியில் போட்ட சங்கிலிதான்.

கண் மங்கியவளுக்கு ஊசியில் முத்து ஏறவில்லை போலும். கோத்துவைத்த முத்து என்றால் விரலுக்கே தெரியும். எந்த மத்தியானத்தில், யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து பழகினாளோ! கடைசி வளையத்தை முடிச்சிடாமல் அப்படியே விட்டிருந்தாள், புதிதாகப் பழகுகிறவர்கள் விடுவதுபோல.

தங்கை அந்த வளையத்துக்குள் நூலை விட்டு இரண்டு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்தாள். அவிழவில்லை. போட்ட பத்து முத்தையும் பிரிக்காமல், சட்டத்தைக் கவிழ்த்துக் கொக்கியை எடுத்தாள்.

நாலுக்குச் சற்று முன்னால், இடக்கைக்கும் உள்துணி வைத்துத் தைத்தபின், இரண்டு கைகளும் ஒன்றுபோல இருந்தன.

"அதுக்குள்ள எப்படி சித்தி?" மகள் தயங்கினாள். "அம்மா ஊசியிலதானே..."

"ஊசியிலதான்மா."

வலக்கையில் பிரித்த உள்துணியைச் சின்னச் சின்னத் தையலாகப் போட்டு மூடிவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.