மா புளிக்கிற மாதிரித்தான்

ஃபிராவ் கம்ப்மன் என்னிடம் ஏழு கேள்விகள் கேட்டார். மூன்றுக்குத் தலையாட்டினேன். இரண்டுக்குச் சிரித்தேன். மீதி இரண்டுக்கு அவருடைய சப்பாத்தைப் பார்த்தேன். மஞ்சள் றப்பர் சப்பாத்து, இடது முனையில் காய்ந்த நுரை.

ஜெர்மனியின் எசன் நகரில், ரூர் ஆற்றங்கரையில் அந்தப் பெண்மணிக்கு ஒரு சிறிய பியர் வடிசாலை இருந்தது. அங்கே தொழில் பழக ஓர் இடம் காலியாக இருந்தது. பத்தாம் வகுப்பை இடையில் விட்ட எனக்கு அதுவரை பதினான்கு இடங்கள் 'இல்லை' என்று எழுதியிருந்தன. கடிதம் எழுதாமல் என்னை நேரில் கூப்பிட்டது இவர் மட்டும்தான். இதுவும் போனால் அப்பா வேலை செய்யும் துப்புரவுக் கொம்பனியில் நானும் சேர வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

"பேச வராவிட்டால் போத்தலால் பதில் சொல்லுங்கள்," என்றார் ஃபிராவ் கம்ப்மன். "ஐந்து கிழமை தருகிறேன். வீட்டில் நீங்களே காய்ச்சிய பியர், ஒரு போத்தல். வாசலில் வைத்துவிட்டு ஓடக் கூடாது. நான் குடிக்கும்போது எதிரில் இருக்க வேண்டும். சம்மதமா?"

எட்டாவது கேள்விக்கு வாய் திறந்து பதில் சொன்னேன். "சரி."

விண்ணப்பங்களோடேயே வாழ்ந்த அப்பாவுக்கு இவ்வளவு சந்தோசமான Antrag வாழ்க்கையில் கிடைத்ததில்லை. வீட்டில் பியர் காய்ச்சுவதென்றால் முதலில் சுங்கத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தை அகதி விண்ணப்பம் போல மூன்று பிரதி எடுத்துக் கோப்பில் போட்டார். அம்மாதான் சம்மதிக்கவில்லை.

"பொம்பிளைப் பிள்ளை வீட்டில சாராயம் காய்ச்சிறாள் எண்டு கோயில்ல ஆரும் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"டொறத்தி, பாதரே பூசை முடிய ஒரு பியர் குடிக்கிறவர்," என்றார் அப்பா.

"அவர் குடிக்கிறவர். காய்ச்சிறவரில்லை."

நான் இடையில் புகுந்தேன். "சாராயம் இல்லை அம்மா. மால்ட்டைத் தண்ணியில அவிச்சு, வடிச்சு, ஆற விட்டு ஈஸ்ட் போடுறது. பிறகு அது தன்பாட்டில கிடக்கும். மா புளிக்கிற மாதிரித்தான்."

அம்மாவின் முகம் இளகியது. "தோசை மா மாதிரியோ?"

"ஓம். தோசை மா மாதிரித்தான்."

இந்த ஒரு வசனத்தைப் பிறகு என் கொப்பியில் எழுதிச் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டேன். கொப்பி அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. அது இருப்பது அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது.

நூலகத்தில் எடுத்த புத்தகத்தை நான் மூன்று முறை படித்தேன். நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். ஈஸ்ட் ஓர் உயிர். அது சீனியைத் தின்று மதுவும் காற்றும் விடும். சூட்டில் போட்டால் செத்துவிடும், கடும் குளிரில் போட்டால் படுத்துவிடும், அழுக்கில் போட்டால் கூடாத கூட்டாளிகளோடு சேர்ந்துவிடும். அப்பா என்னைப் பற்றிச் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

கோதுமைப் பியர் காய்ச்சத் தீர்மானித்தேன். அதற்கு ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூ கொஞ்சம் போதும். சனிக்கிழமை முழுவதும் அம்மாவின் புரியாணிப் பானை அடுப்பில் இருந்தது. பத்து லீற்றர். கொதித்து முடிந்ததும் பானையைக் குளியல் தொட்டியில் குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கினோம். அப்பா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் போலப் பக்கத்தில் குந்தியிருந்தார். இருபது பாகைக்கு இறங்கியபின், மூன்று தரம் கழுவிய வாளியில் ஊற்றினேன். சீனி அளக்கும் கண்ணாடி மிதவை பன்னிரண்டு காட்டியது. காற்றுக் கலக்க வாளியை நன்றாக ஆட்டி, அரைப் பக்கெற் ஈஸ்ட்டைத் தூவி மூடினேன். மூடியின் நடுவில் தண்ணீர் நிரப்பிய வளைந்த குழாய். உள்ளே உண்டாகும் காற்று அந்த வழியால் குமிழியாக வெளியே போகும். வெளிக்காற்று உள்ளே வராது. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

ஞாயிறு பின்னேரம் கொப்பியில் எழுதினேன்: "24 மணித்தியாலம். 20 பாகை. குமிழி இல்லை. மணம்: ஈரப் பாண்."

குமிழி வர ஒன்றரை நாள்கூட எடுக்கலாம், திறக்காதே, குழாயை நம்பாதே, மிதவையை நம்பு என்றது புத்தகம். அம்மா புத்தகம் படிக்கவில்லை. அவர் வாளியைப் பார்த்து, "என்னடி, பிணம் மாதிரிக் கிடக்குது?" என்றார்.

திங்கட்கிழமை காலை எனக்கு வேலைத் திணைக்களத்தில் ஒரு Termin, நேரம் குறித்த சந்திப்பு. மத்தியானம் திரும்பி வந்தால் குழாய் "புளுக், புளுக்" என்றது. பக்கத்தில் அம்மா, பிரசவம் பார்த்து முடித்த மருத்துவிச்சியைப் போல இடுப்பில் கை வைத்தபடி நின்றார்.

"எப்ப தொடங்கினது அம்மா?"

"நான் கை வைச்ச கையோட."

"எங்க கை வைச்சனீங்கள்?"

"வாளிக்கு உள்ளுக்கைதான். திறந்தால் மேல கொஞ்சம் நுரை கிடக்கு, வேற அசுமாத்தம் இல்லை. தோசைக்கு மாக் கரைச்சுக்கொண்டு நிண்டனான். அந்தக் கையோட முழங்கை மட்டும் விட்டு நல்லாக் கலக்கி விட்டனான். கை படாட்டி மா புளிக்குமே? பிறகு மூடியை அமத்திப் பூட்டினனான். நீ ஒழுங்காப் பூட்டேல்லை, பிள்ளை."

எனக்கு விளங்கிவிட்டது. அம்மா திறக்கும்போதே நுரை இருந்திருக்கிறது. ஈஸ்ட் தன் வேலையை ஏற்கெனவே தொடங்கியிருக்கிறது. மூடி இறுகாததால் காற்று விளிம்பால் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அம்மா மூடியை இறுக்கினார், குழாய் பேசத் தொடங்கியது. ஆனால் அதற்கு முன் உள்ளே போனது எசன் தமிழர் முழுப்பேரும் புகழும் கை. அந்தக் கையால் கரைத்த மா பனிக்காலத்திலும் பொங்கும். அந்தக் கையில் என்னென்ன குடியிருக்கும் என்று புத்தகத்தில் ஒரு முழு அதிகாரம் இருந்தது.

"நல்லதம்மா," என்றேன்.

கொப்பியில் எழுதினேன்: "நாள் 2, காலை 10.30. அம்மாவின் வலது கை, முழங்கை வரை. உழுந்து மா. கலக்கிய நேரம்: அம்மா சொன்னபடி ஒரு பரமண்டல மந்திரம் சொல்லி முடிக்கும் நேரம்."

ஒன்பதாம் நாள் மிதவை மூன்றில் நின்றது. அடுத்த இரண்டு நாளும் அசையவில்லை; ஈஸ்ட் தின்று முடித்துவிட்டது. அளந்து சீனி போட்டுப் போத்தல்களில் அடைத்தேன். மணம் என்ற இடத்தில் "தயிர்" என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தேன். நாலாம் கிழமை ஒன்றைத் திறந்து மூன்று கோப்பையில் ஊற்றினோம். அப்பா ஒரு மிடறு குடித்துவிட்டு யன்னலைப் பார்த்தார். அம்மா நாக்கைச் சப்பினார்.

"நல்லாப் புளிச்சிருக்கு," என்றார் திருப்தியாக.

"புளிக்கக் கூடாது அம்மா."

"நீதானேயடி சொன்னனீ, மா புளிக்கிற மாதிரியெண்டு."

நான் கோப்பைகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

இன்னொரு தரம் காய்ச்ச நாள் போதாது. அப்பா கடையில் ஒரு கோதுமைப் பியர் வாங்கி வந்து, வெறும் போத்தலொன்றில் மெதுவாக ஊற்றி நீல மூடி போட்டு அடைத்தார். "அவவுக்கு எப்பிடித் தெரியும்? அடியில ஈஸ்ட்டும் கிடக்கு, வடிவான பியர். நீ ஒண்டும் பறையத் தேவையில்லை. பறையாமல் இருக்கிறதுதான் உனக்குத் தண்ணி பட்ட பாடாச்சே."

ஃபிராவ் கம்ப்மன் தந்த Termin அன்று அப்பாவுக்கு வேலை. எனக்குப் பதினெட்டு ஆகாததால் அம்மா கூட வந்தார். என் பையில் இரண்டு போத்தல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. நீல மூடி கடையுடையது. சிவப்பு மூடி எங்களுடையது.

ஃபிராவ் கம்ப்மன் மேசையில் ஒரு கண்ணாடிக் கிளாசை வைத்தார். "வையுங்கள்."

என் கை முதலில் நீலத்தில்தான் பட்டது. அது எத்தனை பாகையில் கிடந்தது, எத்தனையாம் நாள் நுரைத்தது, என்ன மணத்தது என்று யோசித்தேன். அதைப் பற்றி என் கொப்பியில் ஒரு வரியும் இல்லை. ஒரு கேள்வி கேட்டாலும் போச்சு. சிவப்பை எடுத்து வைத்தேன்.

அவர் ஊற்றினார், முகர்ந்தார், குடித்தார். புருவம் மேலே போனது.

"Sauer," என்றார்.

புளிப்பு. அம்மாவுக்குத் தெரிந்த சொல் அது. மகிழ்ந்து போனார். "Ja, ja, sauer. Ich," என்று நெஞ்சைத் தொட்டுவிட்டு, கம்பளிச் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டி வலது கையை நீட்டினார். "Ich, Hand!"

ஃபிராவ் கம்ப்மன் அந்தக் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பேசாவிட்டால் அம்மா பேசுவார் என்று தெரிந்தது. கொப்பியை வெளியே எடுத்தேன்.

தமிழில் இருந்ததை ஜெர்மன் மொழியில் சொல்லிக்கொண்டே போனேன். பன்னிரண்டு, இருபது பாகை, ஈரப் பாண், கைக்கு முன்னமே தொடங்கிய ஈஸ்ட், கை, மூன்று, தயிர். பக்கம் புரட்டப் புரட்டக் குரல் வந்தது. கடைசியில் சிவப்புக் கோடு போட்ட வசனத்துக்கு வந்தேன். "நீங்கள் மாவுக்கும் பியருக்கும் வேறு வேறு சொல் வைத்திருக்கிறீர்கள். பியர் நொதிக்கும், மா புளிக்கும். எங்கள் வீட்டில் இரண்டும் புளிப்புத்தான். நான் அம்மாவிடம் புளிக்கும் என்று சொல்லிவிட்டேன். அம்மா புளிக்க வைத்தார். பிழை கையில் இல்லை. என் சொல்லில்தான்."

"கைக்கு முன்னமே ஈஸ்ட் வேலை தொடங்கியது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார் ஃபிராவ் கம்ப்மன்.

"நுரை இருந்ததாக அம்மா சொன்னார். மூடிதான் இறுகவில்லை."

"கசப்புப் பூ எவ்வளவு?"

"குறைவு. கூடப் போட்டிருந்தால் புளிப்பு இவ்வளவு பிடித்திருக்காது."

அவர் இன்னும் ஒரு மிடறு குடித்தார். "எல்லோரும் எனக்கு நல்ல பியர்தான் கொண்டு வருகிறார்கள். ஏன் நல்லது என்று கேட்டால் முழிப்பார்கள்." பிறகு பையைக் காட்டினார். "உள்ளே இன்னொன்று சத்தம் போடுகிறதே?"

"அது அப்பாவின் பியர்."

"அப்பா காய்ச்சினாரா?"

"வாங்கினார்."

அவர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. நீலத்தையும் திறந்து அம்மாவுக்குக் கொஞ்சம் ஊற்றினார். அம்மா மரியாதைக்கு ஒரு சொட்டுக் குடித்துவிட்டு என் காதுக்குள் சொன்னார்: "இது புளிக்கேல்லை. பழுதாப் போச்சு போல."

போகும்போது ஃபிராவ் கம்ப்மன் அம்மாவின் வலது கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினார். அம்மாவுக்கு விளங்காத ஒரு வசனம் சொன்னார். பிறகு நேரே குழாயடிக்குப் போய் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவத் தொடங்கினார்.

ட்ராம் தரிப்பிடத்தில் அம்மா கேட்டார். "என்னவாம்?"

"திங்கட்கிழமை காலமை ஏழு மணிக்கு வரட்டாம். ரெண்டு கிழமை வேலை செய்து காட்டட்டாம். றப்பர் சப்பாத்து வேணுமாம்."

"என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு என்ன சொன்னவ?"

"அருமையான கையாம்," என்றேன். "வீட்டிலேயே வைச்சிருக்கட்டாம்."