முள்கம்பி வைத்துத் தைத்த வீடு

மழைக்காலம் நெருங்க நெருங்கத் தையல்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீடு கட்டச் செங்கல்லும் வேண்டாம், கொத்தனாரும் வேண்டாம் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, தானே தைத்த பைகளில் மணலை நிரப்பி வட்டமாக அடுக்கினார். பை நழுவாமலிருக்க வரிசைக்கு வரிசை முள்கம்பியைப் பதித்தார். முக்காலி போட்டு அவர் உள்ளேயும் வெளியேயும் தாண்டித் தாண்டியே சுவர் மார்பளவு எழும்பிவிட்டது.

முதல்முறையாகப் பார்க்க வந்த மனைவி சுவரை ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்றும் சுற்றினாள்.

“என்னத்தத் தேடுற? அந்தப் பையை எடுத்துக் குடு, வானம் இருட்டுது!” என்று உள்ளேயிருந்து அவசரப்படுத்தினார் தையல்காரர்.

“உள்ள எப்படிங்க வர்றது?”

மண்வெட்டியும் கையுமாக அவரும் ஒரு சுற்றுச் சுற்றினார். ஜன்னலுக்கெல்லாம் இடம் விட்டிருந்தார், வாசலுக்குத்தான் விடவில்லை. ஒரு பையைப் பிடித்து இழுத்தார். முள்கம்பி விடவில்லை.

மனைவி தலையிலடித்துக்கொண்டாள்.

“கழுத்து வெட்டாமயே சட்டை தைச்சு வச்சிருக்கீங்களே!”