முன்னால் போன சிவப்பு விளக்கு

மழையில் எங்கள் சைக்கிள் குழுவுக்கு ஒரே சட்டம்தான்: வாயை மூடிக்கொண்டு, முன்னால் போகும் சைக்கிளின் சிவப்பு விளக்கைப் பார்த்தே மிதிக்க வேண்டும். சட்டம் போட்டவன் வழிகாட்டியான என் அண்ணன். அவனுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் மற்றவர்கள்.

பட்டப்பகலே மங்கி, சாலையும் மரங்களும் வானமும் தண்ணீரில் கரைந்துபோக, அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும் மிதந்தது. என் கால்கள் வேறு யாருடையவையோ போலச் சுழன்றன. விளக்கு திரும்பியது, திரும்பினேன். ஒரு கேட்டுக்குள் நுழைந்தது, நுழைந்தேன். நின்றது.

மழைக்கோட்டின் தொப்பியை விலக்கியவர் அண்ணன் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பிய ஒரு தபால்காரர்.

வாசலில் துண்டோடு நின்ற அவர் மனைவி, “யாருங்க இவங்கல்லாம்?” என்றார்.

“நானே இப்பத்தான் பாக்கறேன்.”

“ஒரு துண்டுதான் இருக்கு. வரிசையா வாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கே தொலைந்தான் அந்த வழிகாட்டி? திரும்பிப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் நின்றிருந்தான். செயின் கழன்று வழியில் ஒதுங்கியவன், எங்கள் வரிசையின் கடைசி விளக்கைப் பார்த்தே மிதித்து வந்திருக்கிறான்.

“சூப்பர் இடம்டி,” என்றான் சொட்டச் சொட்ட. “யாரு கண்டுபிடிச்சது?”