ஞாயிற்றுக்கிழமை தட்டிய வரி

அப்பாவைக் கிடத்தும் ஐஸ் பெட்டி வைக்க இடம் வேண்டி, கூடத்து மேசையை அவனும் மாமாவும் தூக்கி உள்ளறையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மேசையோடு அப்பாவின் பழைய கம்ப்யூட்டரும் போயிற்று. மாமா வெளியேறியதும் அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அதைப் போடுடா. வண்டி வர்றதுக்குள்ள ஒரு தடவை கேட்டுடறேன்."

"எதைம்மா?"

"அப்பா குரலை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் எனக்காகப் பேசி வச்சாரே. தான் போனப்புறம்தான் கேக்கணும்னாரு. நடுவுல கை தவறி அழிச்சுட்டாராம். போன ஞாயித்துக்கிழமை நீ எடுத்துக் குடுத்துட்டேன்னு எழுதிக் காட்டினாரே."

அவன் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். எதிராளி வாயைத் திறக்குமுன்பே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுகிற அவசரக்குடுக்கை. ஆபரேஷனில் குரல்வளையை எடுத்தபின் அப்பாவுக்குத் தாளும் பென்சிலும்தான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை அவர் திரையைத் தட்டிக் காட்டி, தாளில் மெல்ல மெல்ல எழுத ஆரம்பித்தார். இரண்டு எழுத்துக்குமேல் இவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஸ்லோவா இருக்கா? தள்ளுங்கப்பா, நான் பாத்துக்கறேன்."

கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கட்டளை வரியைத் தட்டினான். ஹார்டு டிஸ்கில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை அது ஒன்றுசேர்த்து அடுக்கும். அழித்த கோப்புகள் கிடக்கிற காலியிடத்தின் மேலேயே அடுக்கும். அதற்குப்பின் அழித்தது அழித்ததுதான். "ஏதாவது அழிச்சுட்டீங்களா?" என்று கடையில் வருகிறவர்களிடம் தினமும் கேட்பான். அப்பாவிடம் கேட்கவில்லை.

சதவீதம் ஏற ஏற, அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நூறு வந்ததும் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். குரல் கிடைத்துவிட்டது என்று அந்த மனிதர் நம்பியிருக்கிறார். 

இப்போது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை ஓட்டினான். அம்மாவை அப்பா மட்டும் கூப்பிடுகிற செல்லப்பெயரில் ஒரு கோப்பு வந்தது. பெயர் மட்டும்தான், குரல் இருந்த இடத்தில் வேறெதோ கோப்பின் துண்டு ஏறியிருந்தது. வீம்புக்கு மறுபடியும் கறுப்புத் திரையைத் திறந்து நிலவரம் கேட்டான். சிதறல் பூஜ்யம் சதவீதம் என்றது.

"இருக்காடா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"தேடிட்டிருக்கும்மா. நேரமாகும்."

"ஆகட்டும். நீ அவசரப்படாதே."

வெளியே வண்டி வந்து நின்றது. மாமா கூப்பிட்டார். அம்மா எழுந்திருக்கவில்லை. காதை மறைத்த முடியை ஒதுக்கிக்கொண்டு, ஸ்பீக்கருக்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.